குடல் அழற்சிக்கு மருந்து எடுக்குறீங்களா? கல்லீரலையும் சோதிக்கச் சொல்வது ஏன்? பித்தக்குழாயைச் சுருக்கும் பி.எஸ்.சி. நோய்: முழு விளக்கம்

ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குக்குப் பல மாதங்களாக மருந்து எடுக்கும் ஒருவரிடம் டாக்டர் திடீரென, "கல்லீரல் டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தால் குழப்பம்தான் வரும். பிரச்சனை குடல்ல இருக்கு, கல்லீரலை எதுக்குப் பாக்கணும்?

காரணம் இருக்கிறது. நீண்ட நாள் குடல் அழற்சி உள்ளவர்களில் ஒரு சிலருக்கு, கல்லீரலில் இருந்து பித்தநீரைக் கொண்டுவரும் குழாய்களும் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்குகின்றன. இந்த நோயின் பெயர் பிரைமரி ஸ்க்லீரோசிங் கோலாஞ்சைட்டிஸ். சுருக்கமாக பி.எஸ்.சி. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர் ஜெகதாப்பட்டினம். இதுபோன்ற கடலோர ஊர்களில் இந்த நோயின் அறிகுறிகளுக்கு வேறு காரணம் சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். உடம்பு அரித்தால் உப்புத்தண்ணி. அசதியாக இருந்தால் ராத்திரி முழுக்க வலை இழுத்த களைப்பு. கண் மஞ்சளானால் கீழாநெல்லி. இப்படியே சில ஆண்டுகள் ஓடிவிட்டால், கண்டுபிடிக்கும்போது கல்லீரல் பாதி கெட்டுப்போயிருக்கும்.

இந்த நோய் என்ன, யாருக்கு வரும், எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே போவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குடல் அழற்சி நோய்னா என்ன? அல்சரும் இதுவும் ஒண்ணா?

இல்லை. 'அல்சர்' என்று ஊரில் சொல்வது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ வரும் புண். நெஞ்சு எரிச்சல், சாப்பிட்டால் வலி, அதற்கு மாத்திரை என்று போகும்.

குடல் அழற்சி நோய் வேறு. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் குடலுக்கு எதிராகத் திரும்பி, நீண்ட காலம் வீக்கத்தையும் புண்ணையும் உண்டாக்கும். இதில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உட்சுவரை மட்டும் பாதிப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயில் இருந்து ஆசனவாய் வரை எந்த இடத்தையும் பாதிக்கக்கூடியது கிரோன்ஸ் நோய்.

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவுக்கு இருந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். 2007-லும் 2020-லும் அவர் பதவி விலகியதற்கு இந்த நோயும் ஒரு காரணம். ஒரு நாட்டின் தலைவரையே நாற்காலியை விட்டு எழ வைத்த நோய் இது. கழிப்பறை வசதி இல்லாத படகில் ஒரு நாள் முழுக்க வேலை செய்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் இதைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு தாமதம் உண்டு. ரத்தம் கலந்து போனால் 'சீதபேதி' என்று அமீபாவுக்கு மருந்து கொடுக்கப்படும், அல்லது 'மூலம்' என்று விடப்படும். கிரோன்ஸ் நோயைக் குடல் காசநோயில் இருந்து பிரித்தறிவது மருத்துவர்களுக்கே சவாலான வேலை.

பித்தக்குழாயில் என்ன நடக்கிறது?

காலையில் தலை சுற்றினால் 'பித்தம்' என்று சொல்வோமே, அது வேறு. இங்கே பேசுவது பித்தநீரைப் பற்றி. நம் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த இந்த நீர்தான் நாம் சாப்பிடும் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. உடம்பில் இருந்து கழிவுகளை வெளியேற்றும் வழியும் இதுவே.

கல்லீரலுக்குள் மரக்கிளைகள் மாதிரி பரவியிருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே பெரிய குழாயாகி, பித்தநீரைக் குடலில் கொண்டுவந்து விடுகின்றன. பி.எஸ்.சி. வந்தால் இந்தக் குழாய்களின் சுவர் வீங்கித் தழும்பாகிறது. ஒரு இடத்தில் சுருங்குகிறது, அடுத்த இடத்தில் உப்புகிறது. ஸ்கேனில் பார்த்தால் நூலில் மணி கோத்த மாதிரி தெரியும்.

குழாய் அடைத்தால் பித்தநீர் பின்னால் தேங்கும். தேங்கிய நீர் கல்லீரல் செல்களை அரிக்கும். பல ஆண்டுகள் இப்படியே போனால் கல்லீரல் முழுக்கத் தழும்பாகி, சிரோசிஸ் என்ற கட்டத்துக்குப் போய்விடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிரோசிஸ் என்றதும் "குடிச்சுக் கெடுத்துக்கிட்டான்" என்று பேசுவது வழக்கம். பி.எஸ்.சி.க்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சொட்டு மது தொடாதவருக்கும், ஏன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும்கூட இது வரும்.

குடலுக்கும் பித்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு?

குடலில் இருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் என்ற பெரிய ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடல் சுவர் புண்ணாகி இருந்தால் அங்கிருக்கும் கிருமிகளும் அவற்றின் கழிவுகளும் கசிந்து கல்லீரலை எட்டலாம். குடலில் சண்டை போடப் பழகிய நோய் எதிர்ப்பு செல்கள் பித்தக்குழாயையும் எதிரியாக நினைத்துத் தாக்கலாம். பரம்பரைக் கூறுகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இவை எல்லாம் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்கள். உறுதியான காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோயின் பெயரில் உள்ள 'பிரைமரி' என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான்.

புதிரான இன்னொன்றும் இருக்கிறது. பெருங்குடலை அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டாலும் பித்தக்குழாய் நோய் நின்றுவிடுவதில்லை. குடலை எடுத்துச் சில ஆண்டுகள் கழித்து பி.எஸ்.சி. தலைகாட்டியவர்களும் உண்டு.

எத்தனை பேருக்கு வரும்?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு பி.எஸ்.சி. வருகிறது. அதாவது குடல் அழற்சி உள்ள பெரும்பாலானவர்களுக்கு இது வராது. பயப்படத் தேவையில்லை.

திருப்பிப் பார்த்தால் கணக்கு மாறும். மேற்கத்திய நாடுகளில் பி.எஸ்.சி. உள்ள 10 பேரில் சுமார் 7 பேருக்குக் குடல் அழற்சியும் இருக்கிறது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இந்த விகிதம் குறைவு. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருகிறது. 30 முதல் 40 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுவதே வழக்கம். குடும்பத்தைத் தாங்கும் வயது.

நார்வேயில் குடல் அழற்சி நோயாளிகளை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 8 சதவீதம் பேரின் பித்தக்குழாயில் இந்த நோய்க்கான மாற்றங்கள் தெரிந்தன. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

என்னென்ன அறிகுறிகள்?

தொடக்கத்தில் எதுவுமே இருக்காது. பிறகு இவை ஒன்றொன்றாக வரலாம்:

• அரிப்பு: தோலில் தடிப்பு எதுவும் இல்லாமலேயே அரிக்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகம். ராத்திரியில் கூடும். கடல்தண்ணி அலர்ஜி என்றால் வேலையில்லாத நாட்களில் குறையும். இது குறையாது.

• அசதி: தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு.

• வலி: வலது விலா எலும்புக்குக் கீழே மந்தமான வலி.

• மஞ்சள்: கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவது, மலம் வெளுத்துப் போவது.

• எடை குறைவு: சாப்பிட்டாலும் உடம்பு இளைப்பது.

இவற்றோடு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. அடைபட்ட பித்தக்குழாயில் கிருமித் தொற்று ஏறியிருக்கலாம். சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த முறை கடலுக்குப் போகலாம் என்று இருந்துவிடக் கூடாது. கரைக்கு வந்ததும் நேராக மருத்துவமனைதான். 108-க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.

"காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?"

தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலந்து குடித்து குணமானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை.

நம் ஊரில் பரவலாக வரும் காமாலை, கெட்ட தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்களால் வருவது. இவை பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எந்த மருந்தைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குப் போகும்.

பி.எஸ்.சி.யில் வரும் மஞ்சள் அப்படி இல்லை. அது குழாய் அடைத்ததால் வருவது. தழும்பேறிச் சுருங்கிய குழாயைக் கீழாநெல்லி திறந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மருந்து குடித்துக் காத்திருக்கும் மாதங்கள்தான் இதில் நஷ்டம். அதிலும் கண்ணில் சாறு விடுவது, சூடு வைப்பது எல்லாம் புதுப் பிரச்சனையைத்தான் கொண்டுவரும்.

குடல் அழற்சி உள்ள ஒருவருக்குக் கண் மஞ்சளானால், அதைச் சாதாரணக் காமாலை என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் மட்டும்தான். பித்தப்பைக் கல், புற்றுநோய், மருந்துகளின் பக்கவிளைவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் படி ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. எல்.எஃப்.டி. என்று சொல்லப்படும் கல்லீரல் பரிசோதனையில் 'அல்கலைன் பாஸ்பேட்டேஸ்' என்று ஒரு வரி இருக்கும். பித்தநீர் ஓட்டத்தில் தடை வந்தால் இந்த அளவு உயரும். மஞ்சள் வருவதற்கு வெகு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சியாலும் இது கூடும் என்பதால், அவர்களுக்கு ஜி.ஜி.டி. என்ற அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்த அளவு சில மாதங்களாகக் கூடவே இருந்தால் அடுத்தது எம்.ஆர்.சி.பி. இது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எடுக்கும் பித்தக்குழாய் படம். கத்தி இல்லை, குழாய் விடுவதும் இல்லை. முன்பு இதைப் பார்க்க வாய் வழியாகக் குழாய் செலுத்தும் இ.ஆர்.சி.பி. தேவைப்பட்டது. அதில் கணைய வீக்கம் போன்ற ஆபத்துகள் உண்டு. அதனால் இப்போது சுருங்கிய இடத்தை விரிக்க வேண்டியிருந்தால் மட்டும் அதைச் செய்கிறார்கள்.

இதே மாதிரி படம் காட்டும் இன்னொரு நோயும் இருக்கிறது. ஐ.ஜி.ஜி.4 என்ற வகை. அது ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகக் கேட்கும். அதனால் அந்த ரத்தப் பரிசோதனையையும் செய்து பார்ப்பார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் நோய் இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் ஒரு முறை பார்த்ததோடு விடாமல் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறார்கள்.

வயிறு அமைதியா இருந்தா கவலை இல்லையா?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். பி.எஸ்.சி.யோடு சேர்ந்து வரும் குடல் அழற்சி பெரும்பாலும் சத்தம் போடாது. பெருங்குடல் முழுக்கப் பரவியிருக்கும். ஆனால் வயிற்றுப்போக்கும் ரத்தமும் குறைவாகவே இருக்கும். "முன்ன மாதிரி இல்ல, இப்ப நல்லா இருக்கேன்" என்று நோயாளி மருந்தையும் நிறுத்திவிடுவார்.

ஆனால் கொலைட்டிஸ் மட்டும் உள்ளவரோடு ஒப்பிட்டால், கூடவே பி.எஸ்.சி.யும் உள்ளவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம். அதுவும் வலதுபக்கப் பெருங்குடலில், எளிதில் தெரியாத இடத்தில் வருவதுதான் அதிகம்.

கொலைட்டிஸ் மட்டும் இருந்தால், நோய் தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகள் கழித்துத்தான் புற்றுநோய்க்கான கொலோனோஸ்கோபி கண்காணிப்பு தொடங்கும். பி.எஸ்.சி. உறுதியானால் 8 ஆண்டு காத்திருப்பு கிடையாது. கண்டுபிடித்த உடனே ஒரு கொலோனோஸ்கோபி. குடலில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றாலும் எடுக்க வேண்டும். குடல் அழற்சி இருப்பது தெரிந்தால் அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

பித்தக்குழாயிலும் புற்றுநோய் வரலாம். பி.எஸ்.சி. உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் இந்த ஆபத்து இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதனால் பித்தப்பையையும் குழாயையும் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்வார்கள்.

மருந்து இருக்கா?

நோயை முழுதாக நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. பித்தநீர் ஓட்டத்துக்குத் தரப்படும் அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை ரத்தப் பரிசோதனை அளவுகளைக் குறைக்கிறது. ஆனால் ஆயுளை நீட்டிக்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை. 'கூடுதலா சாப்பிட்டா கூடுதல் பலன்' என்பதும் இல்லை. அமெரிக்காவில் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நோயாளிகளுக்குப் பாதிப்பு கூடியதால் மருந்தே நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2009-ல் வெளியாகின. எனவே இந்த மாத்திரையைத் தானாக அளவு கூட்டிச் சாப்பிடக் கூடாது.

மற்றபடி அரிப்புக்கு மருந்து உண்டு. தொற்றுக்கு ஆன்டிபயாடிக் உண்டு. சுருங்கிய இடத்தை பலூன் வைத்து விரிக்கலாம். எலும்பு தேய்மானம், வைட்டமின் குறைபாடு ஆகியவற்றையும் கவனித்துச் சரிசெய்யலாம். குடல் அழற்சிக்கான மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

கடைசி வழி: கல்லீரல் மாற்று

கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போனால் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. பி.எஸ்.சி.க்காக மாற்று செய்துகொண்டவர்களில் 100-க்கு சுமார் 80 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். புதுக் கல்லீரலிலும் நோய் திரும்பி வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நடக்கிறது.

இந்த நோயோடு வாழ்ந்த மூன்று விளையாட்டு வீரர்களின் கதை, காலம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லும். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கிறிஸ் க்ளக் 2000-ல் கல்லீரல் மாற்று செய்துகொண்டார். 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் வால்டர் பேட்டனுக்கு பித்தக்குழாய் புற்றுநோய் வந்துவிட்டது. மாற்று செய்ய முடியாமல் 1999-ல் இறந்தார். பிரிட்டன் டென்னிஸ் வீராங்கனை எலினா பால்டாச்சாவுக்கு 19 வயதில் பி.எஸ்.சி. கண்டுபிடிக்கப்பட்டது. அதோடே விளையாடி நாட்டின் முதல்நிலை வீராங்கனை ஆனார். கல்லீரல் புற்றுநோயால் 2014-ல் 30 வயதில் காலமானார்.

இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998-ல் டெல்லியில் நடந்தது. குழந்தை தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைப்பு. அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டர் ஆனார். அது பி.எஸ்.சி. இல்லை என்றாலும், பித்தக்குழாய் நோயால் கெட்ட கல்லீரலை மாற்றி நிறைவாக வாழலாம் என்பதற்கு அவரே சாட்சி.

இன்று இதற்கு டெல்லி போக வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் இந்த சிகிச்சை நடக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி ஒதுக்கும் வேலையைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் செய்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று இடம்பெற்றிருக்கிறது.

ஜெகதாப்பட்டினத்தில் இருப்பவர் எங்கே போகலாம்?

ரத்தப் பரிசோதனைக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். அதில் மாறுதல் தெரிந்தால் எம்.ஆர்.ஐ., கொலோனோஸ்கோபிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். 2017-ல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி, அதற்கு மேல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை என்று அடுத்தடுத்த இடங்கள் உள்ளன.

எப்போது போவது? விசைப்படகுத் தொழிலாளிக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் பங்கு போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்த நாட்களிலேயே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி மூன்றையும் முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதம் என்று வைத்துக்கொண்டால் மறக்கவும் மறக்காது. ஆனால் மஞ்சளோ குளிர் காய்ச்சலோ வந்தால் தடைக்காலத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த நோயில் ஒரு நாள் அளவைவிட, மூன்று ஆண்டுகளில் அது எப்படி ஏறியிருக்கிறது என்பதே டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

• சிரோசிஸ் கட்டத்துக்கு வந்தவர்கள் சிப்பி, மட்டி போன்றவற்றை நன்றாக வேகவைக்காமல் சாப்பிடக் கூடாது. உடம்பில் ஆறாத புண் இருந்தால் கடல்நீரில் இறங்கவும் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி கல்லீரல் கெட்டவர்களுக்கு உயிர் பறிக்கும் தொற்றை உண்டாக்கும்.

• உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளறிவிடலாம். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

• மது இந்த நோய்க்குக் காரணம் இல்லை. ஆனால் ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்கு அது இன்னொரு அடி.

• ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சுருக்கமாக...

குடல் அழற்சி இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கல்லீரல் ரத்தப் பரிசோதனை. அல்கலைன் பாஸ்பேட்டேஸ் கூடுதலாகவே இருந்தால் எம்.ஆர்.சி.பி. பி.எஸ்.சி. உறுதியானால் உடனே ஒரு கொலோனோஸ்கோபி. குடல் அழற்சியும் சேர்ந்து இருந்தால், வயிறு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஒன்று. மஞ்சளோடு குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

அடுத்த முறை குடல் மருந்து வாங்கப் போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "என் எல்.எஃப்.டி. கடைசியா எப்ப எடுத்தது?"

(இது பொதுவான விழிப்புணர்வுக்கான தகவல். சிகிச்சை, மருந்து தொடர்பான முடிவுகளை மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)